கையில் சுவிச் உள்ள கடற்கண்ணி: கரையோரப் பீரங்கிப் படையின் பழைய தொகுதி, பகுதி பகுதியாக ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பில் கண்ணி என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. புதைத்தவர்கள் போன பிறகும் வயலோரத்திலும் காட்டோரத்திலும் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, மாவட்டம் கண்ணிவெடி அற்றது என்று அறிவிக்க 2017 ஆயிற்று. அதனால் எந்தக் கண்ணியைப் பற்றிப் பேசினாலும் எங்கள் முதற்கேள்வி ஒன்றுதான்: போட்டவனால் அதை நடுவில் அணைத்து வைக்க முடியுமா, வேலை முடிந்ததும் எண்ணி எடுக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்லும் தொகுதி ஒன்று உண்டு. அமெரிக்கத் தரைப்படையின் கரையோரப் பீரங்கிப் படை துறைமுக வாய்களில் போட்டு, கேபிள் வழியாகக் கரையிலிருந்தே இயக்கிய கடற்கண்ணித் தொகுதிதான் அது. 1901இல் பொறியியல் படையிடமிருந்து பீரங்கிக்காரரின் கைக்கு வந்தது. 1950இல் கரையோரப் பீரங்கிப் படையே கலைக்கப்பட்டது. இன்று இதை விற்பாருமில்லை, வாங்குவாருமில்லை. ஆனால் வெடிமருந்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இது கடலடியில் பாரம் இறக்கி, கம்பி இணைத்து, ஈரம் புகாமல் காத்து, திரும்பத் தூக்கும் ஒரு வேலைமுறை. வாழைச்சேனையில் மிதவை கட்டுபவருக்கும் வாவியில் மீன்கூடு நிறுத்துபவருக்கும் அதே வேலைதான், அதே தொல்லைகள்தான். அந்தக் கண்ணோடுதான் ஒவ்வொரு பகுதியையும் பார்த்திருக்கிறோம்.

கடலில் போடும் பொருளைத் தரைப்படையிடம் ஏன் கொடுத்தார்கள் என்று பலரும் கேட்பார்கள். காரணம் எளியது. கண்ணி தனியே நின்றால் இரவில் ஒரு சிறு படகு வந்து கம்பியை வாரி அறுத்துவிடும். பீரங்கி தனியே நின்றால் வேகமான கப்பல் புகையோடு உள்ளே புகுந்துவிடும். கண்ணிவயல் கப்பலைத் தடுத்து நிறுத்தும். அந்த வயலை வார வருகிற படகுகளைக் கரையிலுள்ள 3 அங்குல விரைவுப் பீரங்கிகள் விரட்டும். இரண்டும் ஒரே கட்டளையில் இருந்தால்தான் வேலை நடக்கும். நியூயோர்க்கின் டொட்டன் கோட்டையில் 1901இல் இதற்கென ஒரு பள்ளி தொடங்கி, 1908இல் மன்றோ கோட்டைக்கு மாற்றினார்கள். பிரித்தானியாவிலும் இது முதலில் தரைப்படைப் பொறியியலாளர் கையில்தான் இருந்தது. 1905இல் அவர்களிடமிருந்து எடுத்துக் கடற்படையிடம் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் கேபிள். இந்தத் தொகுதியின் உயிர் கண்ணிக்குள் இல்லை, கேபிளுக்குள் இருக்கிறது.

கரையிலிருந்து வயலுக்குப் போகும் பிரதான கேபிளில் 19 கம்பிகள். வட்டமான கம்பிகளை நெருக்கி அடுக்கிப் பாருங்கள்: நடுவில் 1, அதைச் சுற்றி 6, அதற்கு வெளியே 12. மொத்தம் 19. இடைவெளியும் இல்லை, பிதுக்கமும் இல்லை, கேபிள் உருண்டையாக நிற்கும். ஆகவே ஒரு குழுவுக்குக் கண்ணிகளும் 19. ஒவ்வொரு கண்ணிக்கும் தனிக் கம்பி என்பதால் ஒன்று கெட்டால் மற்ற 18ம் பாதிக்கப்படுவதில்லை. கம்பியை மிச்சம் பிடிக்க ஒரே இழையில் பலதைக் கோர்க்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு. அப்படிக் கோர்த்த இடத்தில் ஒரு கசிவு வந்தால் எது கெட்டது என்று தேடியே நாள் போய்விடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

கம்பிக்கு மேல் றப்பர், அதற்கு மேல் சணல், வெளியே நாகம் பூசிய இரும்புக் கம்பிக் கவசம். இதைச் சேமித்து வைத்த முறைதான் எங்களை மிகவும் கவர்ந்தது. கேபிளைக் காய்ந்த களஞ்சியத்தில் சுருட்டி வைக்கவில்லை. கரையில் பெரிய தொட்டிகள் கட்டி, உப்புநீர் நிரப்பி, அதற்குள் அமிழ்த்தி வைத்தார்கள். காற்றும் வெயிலும் பட்டால் இயற்கை றப்பர் காய்ந்து வெடிக்கும். நீருக்குள் கிடந்தால் மென்மை குறையாது. கூடவே, கேபிள் நீரில் கிடக்கும்போதே மின்காப்பைச் சோதித்துவிடலாம். பொத்தல் இருந்தால் தொட்டியிலேயே தெரிந்துவிடும். இரண்டு முனைகளை மட்டும் நீருக்கு மேலே உலர்வாகக் கட்டிவைத்தார்கள். இன்றைய பிளாஸ்டிக் உறைக் கேபிளுக்கு உப்புநீர்த் தொட்டி தேவையில்லை. ஆனால் கடலில் இறக்கும் முன் ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்து அளந்துபார்க்கும் பழக்கத்தை யாரும் விடக்கூடாது.

கேபிள் அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, கம்பிகளை இணைக்கும் பெட்டிக்குள் நுழையும் வாயில். கப்பல் இழுக்கும், நீரோட்டம் இழுக்கும், அந்த இழுவை முழுவதும் செப்புக் கம்பியில் விழுந்தால் இணைப்பு கழன்றுவிடும். இதற்கு அவர்கள் கண்ட வழி இன்றும் செல்லுபடியாகும்: கவசக் கம்பிகளைப் பிரித்து, ஒரு வளையத்தின் மேலே பின்னோக்கி மடித்து, இறுகச் சுற்றிக் கட்டி ஒரு தடித்த முடிச்சுத் தலையை உண்டாக்குவது. அந்தத் தலை பெட்டியின் பள்ளத்தில் உட்காரும். இழுவை எல்லாம் இரும்புக்கு, உள்ளே செப்புக் கம்பி தொய்வாகவே இருக்கும். முழு மதிப்பெண் கொடுக்கக்கூடிய பகுதி இது.

அடுத்து வயலில் இறக்கும் வேலை. ஒழுங்கு இப்படி: குழுவின் நடுப்புள்ளியில் ஒரு படகை நங்கூரமிட்டு நிறுத்துவார்கள். அதில் பகிர்வுப் பெட்டி, அதாவது கரைக் கேபிளின் கம்பிகளைக் கண்ணிகளின் கேபிள்களோடு இணைக்கும் பெட்டி, இருக்கும். கரையிலிருந்து வந்த 19 கம்பிக் கேபிளின் முனை அந்தப் படகில் ஏறும். கண்ணிக் கோட்டை மிதவைகளால் குறித்துவைத்திருப்பார்கள். கண்ணிக் கப்பல் அந்தக் கோட்டோடு மெதுவாக வரும். இரு பக்கமும் கண்ணி தொங்கும். குறித்த இடம் வந்ததும் ஒன்றை விடுவார்கள். அதன் கேபிள் முனையைச் சிறு படகொன்று நடுப்படகுக்குக் கொண்டுவந்து கொடுக்கும். அங்கே எண் பார்த்து இணைப்பார்கள். கண்ணிக்குக் கண்ணி ஏறத்தாழ 100 அடி. 19 கண்ணிக்கு 18 இடைவெளி, ஆக 1800 அடி, கிட்டத்தட்ட 550 மீற்றர் அகலத்தை ஒரு குழு மூடும்.

எல்லாம் இணைத்த பிறகும் பெட்டியை உடனே இறக்க மாட்டார்கள். படகில் இருந்தபடியே கரையிலுள்ள கட்டுப்பாட்டு அறையோடு தொலைபேசியில் பேசி, 1, 2, 3 என்று ஒவ்வொரு கம்பியாகச் சோதிப்பார்கள். எண் மாறியிருந்தால் அந்த இடத்திலேயே திருத்தம். அதன் பிறகே மூடியை இறுக்கி, அடையாள மிதவையோடு பெட்டியைக் கடலடியில் விடுவார்கள். எண்பட்டை கட்டாத முனை ஒன்று படகுக்கு வந்துவிட்டால் அன்றைய வேலை குழம்பிவிடும். கரை அறையில் 7ஆம் விளக்கு எரியும்போது கடலில் 11ஆம் கண்ணியின் மேல் கப்பல் நிற்கும். இதைவிடக் கெடுதலான பிழை இந்தத் தொகுதியில் வேறில்லை.

கரை அறைக்குள் பற்றரிகளும் சுவிச் பலகையும் இருந்தன. கப்பல் கண்ணியில் முட்டினால் மணி அடிக்கும், விளக்கு எரியும். அதற்கு மேல் என்ன செய்வது என்பது பலகையில் இருப்பவர் கையில். முட்டிய உடனே வெடிக்க விடலாம். முட்டியதை அறிந்து, சற்றுப் பொறுத்து வெடிக்கலாம். முட்டாமலேயே, கரையில் இரண்டு இடங்களிலிருந்து கோணம் அளந்து, கப்பல் எந்தக் கண்ணிக்கு மேல் வருகிறது என்று பார்த்தும் வெடிக்கலாம். பாலமீன்மடு வெளிச்சவீட்டு உச்சியில் ஒருவரையும் கல்லடிக் கரையில் ஒருவரையும் நிறுத்தி, இருவரும் ஒரே வள்ளத்தின் திசையை ஒரே நொடியில் சொன்னால் வரைபடத்தில் அந்த வள்ளம் எங்கே என்று கோடு கீறிக் காட்டலாம் அல்லவா, அதே கணக்கு. எல்லாவற்றையும் நிறுத்திவைத்து நட்புக் கப்பலை உள்ளே விடுவதும் அதே பலகையில்தான்.

கண்ணியில் இரண்டு வகை. மிதக்கும் கண்ணி பழையது. காற்றடைத்த எஃகுக் கூடு, கீழே உருக்குக் கயிறு, அடியில் நங்கூரம். தொடக்கத்தில் ஈரப் பஞ்சுவெடியும் டைனமைற்றும் நிரப்பினார்கள், பின்னர் ரி.என்.ரி. வந்தது. கண்ணி நீர்மட்டத்துக்குக் கீழே சரியான ஆழத்தில் நிற்க வேண்டும். கடலின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும்போது ஒவ்வொன்றுக்கும் கயிறு அளந்து வெட்டுவது நடக்காத காரியம். இதற்குத் தானியங்கி நங்கூரம் என்று ஒன்று செய்தார்கள். மிக அழகான பொறிமுறை. நங்கூரத்துக்குக் கீழே, சொல்லப்போனால் 3 மீற்றர் கயிற்றில், ஒரு சிறு பாரம் தொங்கும். எல்லாவற்றையும் கடலில் விட்டதும் கண்ணி மேலே மிதக்கும், நங்கூரம் கயிற்றை அவிழ்த்தபடி இறங்கும். சிறு பாரம் முதலில் தரையைத் தொடும். அந்தக் கணமே அதன் இழுவை போய், நங்கூரத்தின் உருளை பூட்டிக்கொள்ளும். நங்கூரம் தரையிலிருந்து இன்னும் 3 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மிச்சத் தூரம் இறங்கும்போது கண்ணியையும் 3 மீற்றர் கீழே இழுத்துவிடும். கடல் 12 மீற்றர் ஆனாலும் 20 மீற்றர் ஆனாலும் கண்ணி 3 மீற்றரில் நிற்கும். அளவுகோலும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

கடினமான தரையில்தான் இது துல்லியம். சேற்றில் சிறு பாரம் அரை மீற்றர் புதைந்து போனால் இழுவை பிந்திப் போகும், உருளை பிந்திப் பூட்டும், கண்ணி 3 மீற்றருக்குப் பதில் இரண்டரையில் நிற்கும். பிறகு நங்கூரமும் மெல்லப் புதைந்தால் கண்ணி மறுபடி கீழே போகும். சேற்றுத் தரைக்குச் சிறு பாரத்தைத் தட்டையாகவும் அகலமாகவும் செய்தால் ஓரளவு தப்பலாம்.

நீரோட்டம் அடுத்த எதிரி. கண்ணிக் கயிறு 15 மீற்றர் நீளம் என்று வையுங்கள். ஓட்டம் அதை 30 பாகை சாய்த்தால் கண்ணி 2 மீற்றர் தாழும். 45 பாகை சாய்த்தால் கிட்டத்தட்ட 4.4 மீற்றர். ஆழம் குறைந்த கப்பல் மேலால் போய்விடும். வற்றுப்பெருக்கு மிகுந்த இடங்களில் இதோடு நீர்மட்ட ஏற்ற இறக்கமும் சேரும். எங்கள் கிழக்குக் கரையில் அது ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் பெரிதாகத் தெரியாது. பனாமாவின் பசிபிக் கரையில் பல மீற்றர் வித்தியாசம், அங்கே சரியான ஆழம் என்று ஒன்றைச் சொல்லவே முடியாது.

மூன்றாவது எதிரியை எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை: கொட்டலசு, சிப்பி, பாசி. வெப்பக் கடலில் சில மாதத்தில் கூடு கனத்துவிடும், மிதப்புக் குறையும், நகரும் பாகம் ஒட்டிக்கொள்ளும். 1898 யூனில் குவாண்டனாமோ விரிகுடாவில் ஸ்பானியர் போட்டிருந்த கண்ணிகளில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் டெக்சஸும் மார்பிள்ஹெட்டும் மாட்டிக்கொண்டன. ஒன்றும் வெடிக்கவில்லை. முட்டும் கைகளை மூடிக் கொட்டலசு வளர்ந்திருந்தது. மிதக்கும் கண்ணியை அடிக்கடி தூக்கிச் சுரண்டிப் புதுப்பிக்காவிட்டால் அது வெறும் இரும்புக் கூடுதான். போதாததற்கு நட்புக் கப்பல்களின் காற்றாடியே, அதாவது நீரைத் தள்ளிக் கப்பலை ஓட்டும் விசிறியே, கயிற்றையும் கேபிளையும் அடித்து அறுத்தது.

இந்தத் தொல்லைகளைத் தாங்க முடியாமல்தான் இரண்டாம் உலகப் போரின் நடுவில் தரைக்கண்ணிக்கு மாறினார்கள். எம்3 என்பது அதன் பெயர். 3000 இறாத்தல் ரி.என்.ரி., அதாவது ஏறத்தாழ 1360 கிலோ, நேரே கடலடியில் உட்காரும். மேலே போகும் கப்பலின் இரும்பு உண்டாக்கும் காந்த மாற்றத்தை உணர்ந்து கரைக்குச் சொல்லும். கயிறு இல்லை, சாய்வு இல்லை, காற்றாடி படாது, மிதப்பு என்ற கவலையே இல்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் எங்கள் தெரிவு சந்தேகமின்றி எம்3தான். குறை இரண்டு. கடல் மிக ஆழமானால் இவ்வளவு மருந்தும் மேலே போய்ச் சேராது. மணல் ஓடும் இடத்தில் புதைந்துவிடும். புதைந்தாலும் காந்தத்தை உணரும், ஆனால் தூக்குவது பெரும்பாடு.

மணல் என்றதும் ஒலுவில் நினைவுக்கு வராமல் இருக்காது. அலைதடுப்புக் கல் போட்டுக் கட்டிய துறைமுக வாயையே மணல் அடைத்துவிட்ட கரை இது. மட்டக்களப்பு முகத்துவாரமும் வாடைக்கால வெள்ளத்தில் திறந்து, கச்சான் காலத்தில் மணல்மேடு ஏறி ஒடுங்கும். இங்கே ஒரு பகிர்வுப் பெட்டியை இறக்கினால் அடுத்த மாரிக்குள் அது மணலுக்கு அடியில் கிடக்கும். அல்லது வெள்ளம் தோண்டி, கேபிள் நடுவில் தொங்கி உரசித் தேயும். பெரிய கப்பல் நுழையாத ஆழமற்ற வாய்க்கு இப்படி ஒரு தொகுதியே பொருந்தாது. ஆழமும் ஒடுங்கிய நுழைவாயும் இருபக்கக் குன்றும் உள்ள திருகோணமலை போன்ற இடத்துக்குத்தான் இது அளவெடுத்துச் செய்தது.

அங்கேயும் வானத்தைக் காக்க இதனால் முடியாது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிவிட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. 307 பேர் அதோடு போனார்கள். துறைமுக வாயில் எத்தனை கண்ணி இருந்திருந்தாலும் அந்தக் காலைக்கு ஒன்றும் மாறியிருக்காது. கரையோரப் பீரங்கியும் கண்ணியும் ஒரே காலத்தில் கைவிடப்பட்டதற்கு முதற்காரணம் விமானம்தான்.

சுவிச் இருக்கிறது என்பதாலேயே நிம்மதியாக இருந்துவிட முடியாது. 1941 டிசம்பர் 17 அதிகாலை, மணிலா விரிகுடாவில் தரைப்படை காத்த கண்ணிவயலில் கொரெகிடோர் என்ற பயணிகள் கப்பல் அகப்பட்டு, சில நிமிடங்களில் மூழ்கியது. போருக்குப் பயந்து ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் நிறைந்திருந்த கப்பல். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். நிறுத்தும் வசதி பலகையில் இருக்கிறது. ஆனால் இன்ன நேரம் இன்ன கப்பல் வருகிறது என்ற செய்தி கப்பலுக்கு முன்னே அறைக்கு வந்து சேர வேண்டும், அறையில் இருப்பவருக்கு நிறுத்தும் அதிகாரமும் வேண்டும். இருட்டில் புறப்படும் கப்பல், போர் தொடங்கிச் சில நாளேயான பதற்றம், இவை சேர்ந்தால் கேபிள் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. தொகுதியின் ஏனைய பகுதிகளுக்கு நாங்கள் கொடுக்கும் மதிப்பெண்ணை இந்த இடத்தில் கொடுக்க மனம் வரவில்லை.

கடைசியாகக் கப்பல். 1904 முதல் இதற்கென்றே கப்பல்கள் கட்டினார்கள். முதலில் பொதுமக்கள்தான் ஓட்டினார்கள். 1918 யூலையில் தரைப்படைக்குள்ளேயே கண்ணிக் கப்பல் சேவையை அமைத்து, கப்பல் தலைவன், துணைத் தலைவன், எஞ்சின் பொறுப்பாளர் ஆகியோருக்கு வாறண்ட் அதிகாரி என்ற, அதிகாரிக்கும் படையாளுக்கும் இடைப்பட்ட தரத்தைக் கொடுத்தார்கள். அமெரிக்கத் தரைப்படையில் அந்தத் தரம் பிறந்ததே கண்ணிக் கப்பலில்தான். கப்பலை அவர்கள் ஓட்ட, கண்ணி நிரப்புவதும் இணைப்பதும் கண்ணிக் கொம்பனிப் படையாட்களின் வேலை. ஓட்டுபவரும் இணைப்பவரும் வேறு வேறு என்றாலும் ஒரே படை, ஒரே பயிற்சி. 100 அடிக்கு ஒரு முறை சரியான கணத்தில் பாரத்தை விட வேண்டிய வேலைக்கு இந்த ஒழுங்கு அவசியம்.

1942, 1943ஆம் ஆண்டுகளில் மேற்கு வேர்ஜீனியாவில் ஒரே மாதிரியில் 16 கப்பல்கள் கட்டப்பட்டன. நீளம் 188 அடி, அகலம் 37 அடி, நீராவி எஞ்சின். ஆற்றங்கரைப் பட்டறையில் கட்டி ஆற்று வழியே கடலுக்குக் கொண்டுவந்தார்கள். போருக்குப் பின் கண்ணி வேலை முடிந்தும் இவை கழிவிரும்பாகிவிடவில்லை. சில கடற்படைக்குப் போயின. சில அமெரிக்கக் கரையோரக் காவல்படையிடம் போய், வழிகாட்டு மிதவைகளைப் பராமரிக்கும் கப்பல்களாக ஆண்டுக்கணக்கில் ஓடின. மாற்றவேண்டியது அதிகமில்லை. முன்தளத்தில் பாரந்தூக்கி, நீரோடு ஒட்டிய தாழ்ந்த தளம், பக்கவாட்டில் தொங்கவிடும் கைகள், மெல்ல ஓடவும் சட்டென்று நிற்கவும் கூடிய இரட்டைக் காற்றாடி. கண்ணிக்குப் பதில் மிதவை, கேபிளுக்குப் பதில் சங்கிலி. தூக்கு, கொட்டலசைச் சுரண்டு, துருப்பிடித்த வளையத்தை மாற்று, திரும்ப இறக்கு. வாழைச்சேனையில் யாராவது ஒரு பழைய பல்நாட் படகை மிதவை வேலைக்கு மாற்ற நினைத்தால், எஞ்சினை விட்டுவிட்டு இந்தத் தள அமைப்பைப் பாருங்கள்: பாரந்தூக்கி சக்கர அறைக்கு முன்னால் இருக்க வேண்டும், ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே. பின்னால் வைத்தால் கயிறு காற்றாடியில் போகும்.